டொக்டரைப் பற்றி நாலு சொல்

“ஊசி போடமாட்டா. அதை முதல் எழுதும்,” என்றார் கனகலிங்கம்.

கோபிசங்கர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டான். உரும்பிராயில் டொக்டர் பத்மாசினியின் டிஸ்பென்சரி விறாந்தை அது. வாங்குகளில் இடமில்லாமல் நாலைந்து பேர் நம்பர் துண்டைப் பிடித்துக்கொண்டு வாசல் தகரக் கொட்டகைக்குள் நின்றார்கள்.

“சரி ஐயா. நல்லதாய் ஏதும்…?”

“காய்ச்சல் எண்டு வந்தனான். ரண்டு குளிசையைத் தந்து, தண்ணி குடிச்சுக்கொண்டு படு எண்டா. உதைச் சொல்ல ஒரு டொக்டரே?”

காலையிலிருந்து இது ஆறாவது முறைப்பாடு. ஒருவர்கூட வாய் தவறியேனும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மாதமாகப் பேஸ்புக்கில் டொக்டரின் படத்தைப் போட்டு யாரோ சலரோகத்துக்குப் பொடி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி இன்சுலினை நிறுத்திய சாவகச்சேரிப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினாள். அதைக் கேள்விப்பட்ட அன்றே, தன் பெயரில் உண்மையான இணையத்தளம் ஒன்று வேண்டும் என்று டொக்டர் கோபிசங்கரைக் கூப்பிட்டார்.

அவன் முதலில் செய்துகொண்டுபோனதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது. பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பப் படத்தை எடுக்கச் சொன்னார். ‘வடக்கின் தலைசிறந்த’ என்ற வரியையும் எடுக்கச் சொன்னார்.

“நானே என்னைப் பற்றிச் சொன்னால் அந்தப் பொடிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இஞ்சை வாற சனம் சொல்லட்டும். பேரோடை, அவையின்ரை வாயாலை. நீர் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது.”

கோபிசங்கரும் தலையாட்டிவிட்டான். அந்தத் தலையாட்டல்தான் இன்று அவனை இந்த விறாந்தையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அடுத்தது நாகேஸ்வரி. கரவெட்டியிலிருந்து விடியவே புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்.

“வாயைத் திறந்தால் பேச்சுத்தான் தம்பி. சீனி கூடிப்போச்சாம். எத்தினை மோதகம் திண்டனீங்கள் எண்டு றோட்டுக்குக் கேக்கக் கத்துறா. மானரோசம் உள்ளவை வருவினமே?”

“அப்ப நீங்கள் ஏனம்மா அவ்வளவு தூரத்திலையிருந்து வாறியள்?”

நாகேஸ்வரி கனகலிங்கத்தைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“பஸ் ஓடுது, அதாலை வாறன்.”

ஓட்டோக்காரர் சுதாகரனாவது கைகொடுப்பார் என்று கோபிசங்கர் நம்பினான். அவரும் கையை விரித்தார்.

“நெஞ்சு நோகுது எண்டு ஓடிவந்தன். ஒரு மருந்தைத் தந்தாவே? தன்ரை காரிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிட்டா.”

“அண்ணை, அதாலைதானே தப்பினியள்?”

“ஓம், தப்பினன்தான்…” சுதாகரன் தலையைச் சொறிந்தார். “எண்டாலும் மருந்து தரேல்லைத்தானே.”

கோபிசங்கருக்குத் தலை வெடிக்கும்போல இருந்தது. மூன்று கிழமை வேலை. இதை அப்படியே போட்டால் பார்க்கிற சனம் பொடிக்காரனிடமே ஓடிவிடும். மாற்றி எழுதவும் வழியில்லை, வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

“இஞ்சை பாருங்கோ,” என்று எழுந்து நின்றான். “ஒரு நல்ல சொல். ஒண்டே ஒண்டு. ஆரும் சொல்லமாட்டியளோ?”

யாரோ இருமினார்கள்.

வேறு வழியின்றி அவன் உள்ளே போய் மடிக்கணினியை டொக்டரின் மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். சுதாகரன் சொன்ன இடத்தில் விரல் நின்றது.

“சுதாகரனுமோ?”

“ஓம் டொக்டர்.”

அவர் மெல்ல மூடியைச் சாத்தினார்.

“நான் கொஞ்சம் கடுமையான ஆள்தான். ஆனால் இவ்வளவு எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது. “இருவது வருசமாய்ப் பாக்கிற சனத்துக்கே என்னிலை நம்பிக்கையில்லை. காணாத சனத்தை நான் எப்பிடித் தம்பி நம்ப வைக்கிறது? விடும். வெப்சைட் வேண்டாம்.”

“அப்ப அந்தப் பொடிக்காரன்?”

“பொலிசிலை இன்னொருக்கால் எழுதிக் குடுக்கிறன்.” மேசை மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கோபிசங்கர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். விறாந்தை முழுவதும் அவன் முகத்தையே பார்த்தது. நாகேஸ்வரி பாய்ந்து எழும்பி வழியை மறித்தார்.

“என்னவாம் தம்பி?”

“வெப்சைட் வேண்டாமாம். நிப்பாட்டியாச்சு. இப்ப எல்லாருக்கும் சந்தோசமோ?”

“முருகா!” என்று கனகலிங்கம் நெஞ்சில் கைவைத்தார். சுதாகரன் மூச்சை விட்டார். வாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கோபிசங்கருக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்த மனுசி உங்களுக்கு என்ன பிழை செய்தவ?”

நாகேஸ்வரி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

“எங்கடை டொக்டரை உலகமே அறிஞ்சு வரத் தொடங்கினால், பிறகு எங்களுக்கு நம்பர் கிடைக்குமே?”