ஆறு வருட ஆரோக்கியம்

"உங்க வீட்டம்மா எங்க?"

ஏழாம் கவுன்ட்டர் அதிகாரியம்மா எட்டிப் பார்த்தார். எதிரே நின்ற பழைய லிஃப்ட்காரருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அவ வரலைம்மா. நான் மட்டும்தான் வந்தேன்."

"கடுதாசியைப் படிச்சீங்களா இல்லையா? அவங்களைத்தானே வரச் சொல்லியிருக்கோம்?"

படிக்காமல் என்ன? நாலு நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய், ரிட்டயர் ஆன பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பென்ஷனையும் மருத்துவ இன்ஷூரன்ஸையும் கவனிக்கிற அலுவலகம் அது. ஆறு வருடமாக ஒரு மாத்திரைக்குக்கூட பில் அனுப்பாத ஒரே உறுப்பினர் என்று லிஃப்ட்காரரின் மனைவியைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்திருந்தது. பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் சந்தேகக் கேஸ் என்று இன்ஷூரன்ஸ் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். பரிசு கொடுக்கிற லட்சணம் அப்படி.

"கடிகாரம் வேண்டாம்மா, வேற யாருக்காவது குடுத்துடுங்க. கார்டுல அவ பேரு மட்டும் இருக்கட்டும். அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"ஏன், அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை."

"அப்புறம் கூட்டிட்டு வர்றதுல என்ன கஷ்டம்?"

லிஃப்ட்காரர் லிஃப்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை முப்பது வருடம் பழுது பார்த்த மனுஷன். எந்த மாடியில் அது ஏன் முனகுகிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அவங்களுக்கு எழுபத்தொரு வயசு. ஆறு வருஷமா ஒரு டாக்டரைப் பார்க்கலை. ஒரு பல்வலி, ஒரு முட்டிவலிகூடவா வரலை?"

"வரலைம்மா."

"உங்களுக்கு மட்டும் கண் ஆபரேஷன், சர்க்கரை மாத்திரை, போன மாசம் ஈ.சி.ஜி. எல்லாம் கரெக்டா நடந்திருக்கு."

எட்டாம் கவுன்ட்டர்காரர் சும்மா இருப்பாரா? "விடுங்க மேடம். தனக்குன்னா ஆஸ்பத்திரி, பொண்டாட்டிக்குன்னா வெந்நீர் ஒத்தடம். எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதிகாரிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "பேரு இருக்கணும்னு இந்தத் தவிப்பு தவிக்கிறீங்களே, ஆள் மேல அந்த அக்கறை வேண்டாமா? அந்நிய ஊர்ல உங்களை நம்பி வந்தவங்களை நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்க. நீங்க சொல்ல வேண்டாம். நானே அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

மனைவி பெயருக்கு நேராக இருந்த நம்பரைப் பார்த்து, மேஜை ஃபோனில் அழுத்தினார்.

மணி அடித்தது, லிஃப்ட்காரரின் சட்டைப் பையில்.

"அடப் பாவமே, போனைக்கூடப் பிடுங்கி வெச்சுக்கிட்டீங்களா?"

லிஃப்ட்காரர் அதை வெளியே எடுத்தார். பட்டன் தேய்ந்த பழைய ஃபோன். நிறுத்தத் தோன்றாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தினம் சார்ஜ் போடுறேன். இது அடிச்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். பிறகு சொன்னார்: "அவ போயி ஆறு வருஷமாச்சு."

எட்டாம் கவுன்ட்டர்காரர் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். அதிகாரி ரிசீவரை வைத்தார்.

ஒரு நிமிடம் மனசு கேட்கவில்லைதான். ஆனால் இருபது வருட அலுவலக புத்தி சும்மா விடுமா? மனைவி செத்துப்போனதை மறைத்து அவர் பெயரில் ஆறு வருடமாக என்னென்ன வாங்கியிருக்கிறாரோ என்று ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே வரை பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

வாங்கியது எதுவும் இல்லை. கொடுத்ததுதான் இருந்தது.

"ஐயா," இப்போது அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. "மாசாமாசம் ரெண்டு பேருக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கீங்க. பென்ஷனும் முழுசா வாங்கலை. உங்க காலத்துக்குப் பிறகு அவங்களுக்குக் கிடைக்கட்டும்னு கால் பங்கு விட்டுக்குடுத்திருக்கீங்க. அவங்க போயிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா அன்னைக்கே முழு பென்ஷன் வந்திருக்குமே. ஏங்கய்யா எழுதலை?"

"இனி பேரை எடுத்துடுவீங்கல்ல?"

அதிகாரி தலையை மட்டும் அசைத்தார். வேறு வழி இல்லை.

லிஃப்ட்காரர் பையிலிருந்து கடுதாசி வந்த கவரை எடுத்து மடிப்பு நீக்கினார். அதில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன.

"பெத்த பையன்கூட இப்பல்லாம் என்னை மட்டும்தாம்மா விசாரிக்கிறான். எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கேக்குறது உங்க ஆபீஸ் ஒண்ணுதான். வருஷா வருஷம் ஒரு ஃபாரம் வரும். 'நீங்கள் இருவரும் நலமா?'ன்னு முதல் கேள்வியே அதான்."

ஃபோனைச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

"இல்லைன்னு எழுதக் கை வரலைம்மா."