பயிற்சியாளர் வரவில்லை

“பத்தரைக்கு அந்த ஆபீசர் ஹெப்வொர்த் அம்மா எட்டிப் பார்ப்பா. அப்போ பாடம் நடத்த ஆள் இல்லேன்னா நம்ம எல்லாருக்கும் ‘வரவில்லை’ன்னு போட்டுட்டுப் போயிடுவா” என்றாள் மோரீன்.

“அதான் வந்து உட்கார்ந்திருக்கோமே!” என்றான் டீன்.

“உட்கார்ந்தா ஆச்சா? வகுப்பு நடந்தாத்தான் வந்ததாக் கணக்கு. போன மாசம் என் தங்கச்சிக்கு இப்படித்தான் வேலையில்லாதவங்களுக்குத் தர்ற பணத்தை நாலு வாரம் நிறுத்துனாங்க. பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

நாலு வாரம் பணம் நின்றால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மாடி அறை அது. ‘நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கை’ என்று வகுப்புக்குப் பெயர். இங்கிலாந்தின் டீஸ் ஆற்றங்கரையில் உருக்காலையை மூடிய பிறகு அந்த ஊரில் வேலைக்குத்தான் பஞ்சம், தன்னம்பிக்கை வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. அதையும் அரசாங்கம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. பாடம் நடத்த யார் வருவார் என்று அலுவலகத்துக்கே தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே யாரென்று தெரியாத நிலைமை.

கீழே தெருவில் வேலை கேட்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் கல்லெறிந்து உடைத்த ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். அதையும் தாண்டிக் கோஷம் உள்ளே வந்தது.

“பாடம் நடத்துற ஆளு ஊர்வலத்துல மாட்டிக்கிட்டானோ என்னவோ” என்றான் டீன்.

“மாட்டுவான், மாட்டுவான். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கார்ல வர்ற துரையாச்சே” என்றாள் மோரீன்.

நெவில் ரெய்ன் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஏம்ப்பா டீன், ஆலையில ஃபோர்மேன் வரலேன்னா என்ன செய்வோம்?”

“மூத்த ஆள் ஃபோர்மேனோட வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்குவாரு. உலை காத்துக்கிட்டு இருக்காதே!”

“அப்புறம் என்ன? உன் டையைக் கழட்டு.”

“அண்ணே, விளையாடாதீங்க! அந்தம்மாவுக்கு உங்களை நல்லாத் தெரியுமே?”

“என் மூஞ்சியையா? பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட அவ எதிர்லதான் உட்கார்றேன். ஒரு நாளாவது கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுத்திருப்பாளா?”

டை கைமாறியது. நெவில் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளவில்லை.

“மோரீன், நீங்க சொல்லுங்க. என்ன வேலை தெரியும்?”

“எனக்கென்ன தெரியும்? ஆலை கேன்டீன்ல சமைச்சேன், அவ்வளவுதான்.”

“எத்தனை பேருக்கு?”

“ஷிஃப்டுக்கு முந்நூறு பேர் வருவாங்க.”

“பசியோட வர்ற முந்நூறு ஆம்பளைங்களைச் சமாளிச்சவங்க, ஒரே ஒரு மேனேஜரைச் சமாளிக்கமாட்டீங்களா?”

“அவங்களையெல்லாம் கரண்டியைக் காட்டியே அடக்கி வச்சிருந்தேனே!” என்றாள் மோரீன். அறை முழுக்கச் சிரிப்பு.

“அதைத்தான் சொல்லணும். கரண்டியை மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போங்க.”

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் பேச வைத்தார் நெவில். கடைசியாக, பின்வரிசை மூலையில் நனைந்த மழைக்கோட்டோடு ஒடுங்கியிருந்த மனிதரிடம் வந்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காத ஆள்.

“அய்யா, உங்களைத்தான். பேரு?”

“கிரஹாம்.”

“முன்னால வாங்க.”

“வேணாங்க… எல்லாரும் என்னையே பார்ப்பாங்க.”

“பார்த்தா என்ன? பார்க்கிறவன் ஒவ்வொருத்தனும் காலையில கட்டிலுக்கு அடியில ஒத்தைச் சாக்ஸைத் தேடிட்டு வந்தவன்தான். அதை நினைச்சுக்கிட்டா பயம் போயிடும்.”

கிரஹாம் வந்தார். “என் பேரு கிரஹாம். எனக்கு… எனக்கு இந்த வேலை வேணும்.”

“பின்வரிசைக்குக் கேட்கலை!”

“எனக்கு இந்த வேலை வேணும்! என்னால செய்ய முடியும்!”

எல்லாரும் கைதட்டினார்கள். பாவம், அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஹெப்வொர்த் அம்மாள்!

அவள் நெவிலை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கதானே பயிற்சியாளர்?”

“வகுப்பு நடக்கிறதைப் பார்த்தா தெரியலீங்களா?” என்றார் நெவில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“தெரியுது, தெரியுது! இதுக்கு முன்னால வந்தவர் வகுப்புல எல்லாரும் தூங்கினாங்க. உங்க கம்பெனிக்கு நல்லபடியா எழுதிடறேன்” என்றவள், எல்லாருக்கும் ‘வந்தார்’ என்று குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளுடைய காலடிச் சத்தம் படியிறங்கி மறைந்ததும் அறையே கூத்தாடியது. மோரீன் நெவிலின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டாள்.

“ஒரு நாளாவது துரையா இருந்தாச்சு!” என்று சிரித்தபடி டையைக் கழற்றிக் கொடுத்தார் நெவில். எல்லாரும் கிளம்பிப் போனார்கள். கிரஹாம் மட்டும் அங்கேயே நின்றார்.

“அந்தம்மா நல்லபடியா எழுதினா என் வேலை நிலைச்சுடும். ரொம்ப நன்றி அண்ணே” என்றார்.

“உங்க வேலையா? என்ன வேலை?”

கிரஹாம் மழைக்கோட்டுப் பைக்குள்ளிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் காட்டினார். “நான்தாங்க பயிற்சியாளர். ரெண்டு வருஷம் சும்மா கிடந்து இன்னைக்குத்தான் முதல் நாள், எழுந்து நிக்கத்தான் நினைச்சேன், காலு வரலை… மத்தியானம் பக்கத்து ஊர்ல இன்னொரு வகுப்பு இருக்கு, கொஞ்சம் கூட வர்றீங்களா அண்ணே?”