நிறைஞ்சிருக்கு

“இன்னொரு தடவை சொல்லு தாயி. பானையில ஒரு மணி அரிசி இல்ல. அப்ப எப்படிச் சொல்லணும்?”

“அரிசி… தீர்ந்துபோச்சு.”

நாகஜோதி அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த சீப்பை நிறுத்திவிட்டு, தோளில் செல்லமாகத் தட்டினாள். “அதான் கூடாதுங்கிறேன். ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ன்னு சொல்லணும்.”

“இல்லாததை நிறைஞ்சிருக்குன்னா பொய்யில்லையா அத்தை?”

“பொய்யில்ல. அடுத்த மூட்டைய வா வான்னு கூப்பிடுறது.”

நாகஜோதியின் மகள் இளவேனிலுக்குப் பூ வைக்க, கீரனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். பழனி ரோட்டில் திண்டுக்கல்லை நெருங்கிவிட்டதாகப் போன் வந்துவிட்டது.

போன வைகாசியிலும் ஒரு வரன் வந்தது. கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, அடுப்படியிலிருந்து, இப்போது தலைவாரிக்கொள்ளும் இவள்தான் “அத்தை, பால் தீர்ந்துபோச்சு!” என்று கத்தினாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாதி டம்ளரோடு எழுந்து போனவர்கள்தான், பதிலே சொல்லவில்லை.

கணவர் மணிமாறன் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏ நாகு, அதை உள்ளேயே உட்கார வச்சுக் கதவைச் சாத்து. கீரனூர்க்காரங்க ரொம்பச் சகுனம் பார்ப்பாங்களாம். அது வாயைத் திறந்து, இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா என்ன பண்றது?”

“ஏங்க, வீட்டு மனுஷிய அடைச்சு வச்சுட்டா நல்ல காரியம் பண்ணச் சொல்றீங்க? எல்லாம் சொல்லிக்குடுத்திருக்கேன். என் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிறேன்.”

“என்னமோ பண்ணு. உன் மக வாழ்க்கை.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

“மாமா கோவிச்சுக்கிட்டாங்களா அத்தை?”

“அவரு கெடக்காரு. நீ சொல்லு. விளக்கை?”

“அணை…”

“ம்?”

“குளிர வைக்கணும்.”

“அப்படிப் போடு! தாலிக்கயிறு இத்துப்போய் அறுந்துட்டா?”

“பெருகிருச்சு.” சொல்லிக்கொண்டே அவள் கை கழுத்துக்குப் போய் எதையோ தேடியது. நாகஜோதி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். பேச்சை மாற்றினாள்.

“நான் எரியோட்டுல இருந்து இங்க வாக்கப்பட்டு வந்த புதுசுல, உன்னைவிட மோசம். மாமனாரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, ‘குழம்பு காலி’ன்னுட்டேன். என் மாமியார் அடுப்படிக்கு இழுத்துக்கிட்டுப் போயி, ‘என்னடி சொன்னே, என்னடி சொன்னே’ன்னு அம்புட்டு ஏச்சு! அப்புறம் பழகிருச்சு. மளிகைக்கடை நைனா முகமது அண்ணன்கூட என்னையப் பார்த்ததும், ‘என்னம்மா, இன்னைக்கு உங்க வீட்டுல என்னென்ன நிறைஞ்சிருக்கு?’ன்னு கேட்டுத்தான் பொட்டலம் கட்டுவாரு.”

அவள் சிரித்தாள். “உங்க மாமியார் ரொம்பப் பொல்லாதவங்களோ?”

“வாய்தான். எனக்கு டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப, கட்டிலுக்குக் கீழயே பாயை விரிச்சுப் படுத்துக் கெடந்தாங்க. யாரு வந்து ‘மருமக எப்படியிருக்கா’ன்னு கேட்டாலும், ‘அமோகமா இருக்கா’ம்பாங்க. சொல்லும்போதே கண்ணுல பொலபொலன்னு தண்ணி கொட்டும். ஆனாலும் ‘அமோகமா இருக்கா’தான். கேட்டுக் கேட்டு நானும் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன்.”

“இப்ப அவங்க எங்க அத்தை?”

சீப்பு அப்படியே நின்றது. “இருக்காங்க தாயி. நல்லா இருக்காங்க.”

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கூடம் நிறைந்துவிட்டது. சொன்னபடியே நாகஜோதி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவள் தலையைக் குனிந்தபடி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மணிமாறனின் பார்வை அவள் வாயைவிட்டு நகரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இளவேனிலுக்குப் பொட்டு வைத்து, தாம்பாளத்திலிருந்த மல்லிகையை எடுத்துச் சூட்டினாள். அந்த நேரம் பார்த்து நாகஜோதியின் பக்கத்திலிருந்து அவள் விசுக்கென்று எழுந்தாள். நாகஜோதி கையைப் பிடிக்கப் போனாள், சிக்கவில்லை. மணிமாறன் எழுந்தேவிட்டார்.

அவள் நேராக இளவேனிலிடம் போய், இரண்டு கையாலும் அந்த முகத்தை ஏந்திக்கொண்டாள்.

“போற எடத்துல வேர் பிடிச்சுத் தழைச்சு நில்லு ஆத்தா. உன் வாசலுக்கு வந்தவங்க வயிறு வாடாமத் திரும்பணும். நீ தொட்டது துலங்கணும், உன் குடி செழிக்கணும், ஊரு மெச்ச வாழணும்.”

குரல் தடுமாறவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட நாகஜோதி சொல்லிக்கொடுத்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இப்படி ஒரு வாழ்த்துக் கேட்டு எத்தனை காலமாச்சுங்க! இனி இந்தச் சம்பந்தத்துல மாத்தமே இல்லைங்க. ஏனுங்க, இவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

நாகஜோதி அந்த நரைத்த தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரரைப் பெத்த தாயிங்க. ஞாபகம் தப்புன நாள்ல இருந்து, நான்தான் இவங்களுக்கு மாமியார்.”