எதிர்வீட்டு அடுப்பு

எங்கள் குடியிருப்பில் பெரும்பான்மையினர் ஓட்டுப் போட்ட சமையலுக்குத்தான் அடுப்பு எரியும். மூன்று வருடமாகச் சாம்பார்தான். எதிர்வீட்டு அல்போன்சா உள்பட பத்து வீடுகளுக்கு மட்டும் சிறுபான்மை விலக்கு இருந்தது. அவள் நெத்திலிக் கருவாடு வறுக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

நானும் விலக்குக் கேட்டுப் போனேன்.

"தனி வீட்டுக்குக் கிடையாதும்மா. பத்து வீடாவது சேரணும்," என்றார் செயலாளர்.

சென்ற வாரம் அந்த விலக்கையே நீக்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். அவளுக்கு மட்டும் என்ன என்று 'நீக்கலாம்' என்பதை அழுத்தினேன்.

இன்று காலை அல்போன்சா கதவைத் தட்டினாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஓட்டுலதான் போச்சு, கோமளா. நீயும் விலக்குக் கேட்டியாமே, செயலாளர் இப்பத்தான் சொன்னாரு. கூச்சப்படாம எங்கிட்ட வந்திருந்தா, பதினொண்ணா உன்னையும் சேத்திருப்போமேடி."