வீடு தெரிந்த பெட்டி

தன் வீட்டுக்கு வழி தெரியாத கார் தமிழ்நாட்டிலேயே கிடையாது என்பார் மோகனூர் கைலாசம். ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்பது எதிர்வீட்டுக் கந்தப்பனுக்குத் தெரியும்.

"உங்க மவளுக்கே ஆறு வருசமா வழி தெரியலீங்களேண்ணா!" என்று காலை வாருவார் கந்தப்பன்.

ஓசூரிலிருக்கும் அந்த மகளைப் பார்க்கத்தான் கைலாசம் அறுபத்தைந்து வயதில் முதல் கார் வாங்கினார். வழி சொல்ல ஒரு ஜி.பி.எஸ் பெட்டியும் வேண்டியிருந்தது. கந்தப்பனையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனார். கடைக்காரர் மூன்றை எடுத்துவைத்தார். ஒன்றுக்குப் பெரிய திரை, இன்னொன்று தமிழில் பேசும். கையிலிருந்த காசுக்கு, யாரோ வைத்திருந்து விற்ற மூன்றாவதுதான் கட்டுப்படியானது.

அதைப் போட்டதும், முன்பு போய்வந்த இடங்களின் பட்டியல் வந்தது. எல்லா வரியிலும் ஒரே முகவரி, கைலாசத்தின் வீடு. நாற்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை நாலு மணி.

"பாத்தியா கந்தா! நாப்பத்தெட்டென்ன, நானூத்தி எம்பது இருக்கும்!" கைலாசம் குதித்தார். "அந்நேரம் நான் ஆத்துக்குப் போயிருப்பனே. வந்தது என்ற மவதான?"

கந்தப்பன் சிரிக்கவில்லை.

"வந்துச்சுங்கண்ணா, ஒரு வெள்ளக் காரு. சொன்னா ஊரெல்லாம் கதை கட்டுவீங்கன்னுதான் சொல்லல. உங்க வாசல்ல நிக்கும், ஆரன் அடிக்கும், போயிரும்."

"ஓட்டிட்டு வந்தது ஆரு?"

"கிட்டப் போயும் பாத்தனுங்கண்ணா. உள்ள ஆருமே இல்லீங்க."