காதுப் பாடகர்

கொரியாவின் ஜொன்ஜு ஊரில், பாட்டின் நுட்பம் தெரிந்து கேட்பவரைக் 'காதுப் பாடகர்' என்பார்கள். அப்படிப் பேரெடுத்த மேங் முன்வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். பாய்மேல் நின்று பாடும் ஒக்ரியோனுக்கு அவர் வாயால் ஒரு 'பலே' கிடைத்தால் போதும். மற்றவர்கள் போடும் சத்தமெல்லாம் கூரைமேல் பெய்யும் மழையாகவே போகிறது. கையிலிருக்கும் விசிறியை மடக்கிக்கொண்டு, பிரிவைச் சொல்லும் வரியை அவள் தேம்பித் தேம்பி இழுக்கிறாள். 'பலே, பலே' என்று கூடமே அதிர்கிறது. "என்ன அண்ணே, வாயில கொழுக்கட்டையா? ஒரு சத்தம் போடுங்க," என்று பக்கத்து ஆள் மேங்கை இடிக்கிறார். "அவ இன்னும் அழுதுகிட்டுதானே இருக்கா. பாடட்டும், போடுறேன்," என்கிறார் மேங். அது அவள் காதிலும் விழுகிறது. அழுகையை விழுங்கிவிட்டு, அடுத்த வரியைத் தணிந்த குரலில் எடுக்கிறாள். கண் மட்டும் அவர் உதட்டிலேயே நிற்கிறது. உதடு பிரிகிறது. 'பலே' சொல்ல மறந்து, அவள் அடுத்து இழுக்க வேண்டிய மூச்சை அவர் இழுக்கிறார்.