சப்புக்கொட்டியார்

கதாநாயகி உயிரை விடும் இடத்தில் அந்த ஆள் மறுபடியும் எச்சில் விழுங்கினான். டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். காதுக்குள் யாரோ துப்பியதுபோல் இருந்தது அவளுக்கு. கைக்குட்டையால் இரண்டு காதையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டாரா சப்புக்கொட்டியார்?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண். அந்தப் பட்டப்பெயர் டீச்சர் வைத்ததுதான்.

"ஒரு பொம்பளை செத்துக்கிட்டிருக்கா. இவன் என்னடான்னா பழரசம் உறிஞ்சற மாதிரி சப்புங்கறான். கருமம்."

"எனக்கெல்லாம் பழகிப்போச்சு டீச்சர்."

"பழகற சமாச்சாரமா இது?"

பிரெஞ்சு கற்றுக்கொள்கிறவர்களுக்காகப் பழைய பிரெஞ்சுக் கதைகளையெல்லாம் இணையத்தில் ஏற்றும் மின்நூலகம் அது. திரையில் ஒரு வரியைத் தொட்டால் ஒரு குரல் அந்த வரியை வாசித்துக் காட்டும். குரலும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று காதால் கேட்டுச் சரிபார்ப்பதுதான் டீச்சரின் வேலை.

அவள் என்னவோ வாசிப்பதற்குத்தான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். குரல் தேர்வுக்காக ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஒரு முழுக் கதையை உருகி உருகிப் படித்துக் கொடுத்தாள். 'குரல் சரிப்படவில்லை' என்று ஒரே வரியில் முடித்து, சரிபார்க்கும் மேஜையில் உட்கார்த்திவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தன்னைவிட உசத்தி என்று இவர்கள் பிடித்துவந்த ஆளுக்கோ வாயெல்லாம் ஈரம். வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'சப்', நடுவில் நாக்கு ஒட்டிப் பிரிகிற 'டக்', முடிவில் ஒரு 'களுக்'. உச்சரிப்பில் மட்டும் குற்றம் சொல்ல வழியில்லை. எத்தனை கதை வாசித்தாலும் தொண்டை கட்டவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஆள் யாரென்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் மெல்லுகிற வாயெல்லாம் அவன் வாயாகத் தெரிந்தது. கணக்குப் பிரிவுக்காரர் ஆப்பிள் கடித்த சத்தத்தில் சந்தேகப்பட்டு, அவரிடம் பிரெஞ்சில் நலம் விசாரித்துப் பார்த்தாள். மனுஷர் திருதிருவென்று விழித்தார். அதோடு சாப்பாட்டு அறைக்குப் போவதையே விட்டுவிட்டாள். பொதுக் கோப்பையில் டீ குடிக்கவும் குமட்டியது.

வீட்டில் கணவர் காபியை உறிஞ்சினால்கூட, "குடிக்கிறீங்களா, மோட்டார் போட்டு இழுக்குறீங்களா?" என்று சீறினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தானே குடிக்கிறேன்" என்று அவர் கோப்பையோடு பால்கனிக்கு ஒதுங்கினார்.

பொறுக்கமாட்டாமல் அந்தச் சத்தங்களையெல்லாம் அவளே வெட்டி எறிந்து, பதிவைச் சுத்தமாக்கி அனுப்பிப் பார்த்தாள். மறுநாள் அத்தனை எச்சிலும் சொட்டுக் குறையாமல் திரும்பி வந்திருந்தது. 'தயவுசெய்து எதையும் வெட்ட வேண்டாம்' என்று மேலாளர் வேறு சொல்லி அனுப்பினார். ஆள் ரொம்பச் செல்வாக்குள்ளவன்போல என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று அந்தச் சாவுக் காட்சியோடு பொறுமை போய்விட்டது. நேராக மேலாளரின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், ஒண்ணு அந்த ஆள் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மேலாளர் அவளைவிட வயதில் சின்னவர். டீச்சர் என்றாலே அவருக்குப் பழைய பள்ளிக்கூடப் பயம் வந்துவிடும். எழுந்து நின்றார். "எந்த ஆள் டீச்சர்?"

"கதை வாசிக்கிறானே, அவன்தான். பாஷை கத்துக்க வர்றவங்க காதுல எச்சில் ஊத்துறான். நான் வெட்டுனா நீங்க திரும்ப ஒட்டுறீங்க. யாரு சார் அவன், உங்க மச்சானா?"

"ஐயையோ, எனக்கு மச்சானே இல்ல டீச்சர்."

"அப்ப யாரோட மச்சான்? அவனை நிறுத்துங்க. அத்தனை கதையையும் நான் சுத்தமா படிச்சுத் தரேன். இல்லேன்னா நாளையிலேருந்து நான் வரல."

மேலாளர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலையை விட்டுடாதீங்க டீச்சர், உண்மையைச் சொல்லிடுறேன். வெளில தெரிய வேணாம். அப்படி ஒரு ஆளே கிடையாது. அது கம்ப்யூட்டர் குரல்."

டீச்சர் நம்பவில்லை. "கம்ப்யூட்டருக்கு எப்படி சார் எச்சில் ஊறும்?"

"முதல்ல வெறும் குரலாத்தான் போட்டோம். தகர டப்பா பேசற மாதிரி இருக்குன்னு வந்தவங்கல்லாம் ஓடிட்டாங்க. அதான் நிஜ மனுஷர் ஒருத்தரோட பதிவுலேருந்து மூச்சு, நாக்கு, எச்சில் சத்தத்தையெல்லாம் தனியா எடுத்து அங்கங்க சேத்தோம். இப்ப எவ்வளவு உயிரோட்டமா இருக்குன்னு பாராட்டுறாங்க."

டீச்சர் மறுபடியும் கைக்குட்டையால் காதைத் துடைத்தாள். யாரோ ஒருவன் வாயைக் கழுவிய தண்ணீரை இத்தனை நாளும் காதால் குடித்திருக்கிறாள்.

"த்தூ. அந்தக் கொழகொழ வாய்க்குச் சொந்தக்கார ஜென்மம் யாரு சார்? பேரைச் சொல்லுங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

மேலாளர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"தேர்வுல உங்க குரல்தான் சரிப்படல டீச்சர், எச்சில் நல்லா வந்திருந்துச்சு."